நாற்பத்தொன்றாம் எண் ஆணி

சீட்டு என்னவோ உள்ளங்கை அகலம்தான். அதில் நாலே நாலு வாக்கியம்.

"வெள்ளையில் மஞ்சள் மிகுதி. ஒளி இல்லை. நிறத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளவும். நடுவர் குழுவின் தீர்ப்பே இறுதியானது."

முதல் வாக்கியத்தை அக்கா பொறுத்துக்கொண்டாள். இரண்டாவதையும் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். மூன்றாவதைப் படித்ததும் காது இரண்டும் ஜிவ்வென்று சூடேறின. பழுக்கக் காய்ச்சிய கம்பியை எடுத்து யாரோ சொருகினாற்போல இருந்தது.

காரணம் இருக்கிறது. அக்காவின் பிழைப்பே நிறத்தைப் பார்ப்பதுதான். பல் செட் செய்யும் லேபில் இருபத்திரண்டு வருடமாக அவள்தான் நிறம் சேர்ப்பவள். ஒருவர் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒன்றை வைத்தால், வைத்தது எது, முளைத்தது எது என்று பெற்ற தாய்க்கே தெரியக் கூடாது. அப்படித் தெரியாமல் இந்த ஊரில் எத்தனையோ பேர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அது அவள் கண்ணின் தயவு. லேபில் எல்லோருக்கும் அவள் அக்கா. முதலாளிக்கும் அக்கா, எண்பது வயதான முதலாளியின் அப்பாவுக்கும் அக்கா. அவளைப் பார்த்து நிறம் பார்க்கக் கற்றுக்கொள் என்று ஒரு சீட்டு.

"என்ன, இந்த வருஷமும் ஊத்திக்கிச்சா?" என்றார் அவள் வீட்டுக்காரர், சட்டைக்குப் பொத்தான் போட்டபடி.

"ஊத்திக்கல. பாடம் நடத்தியிருக்காங்க."

வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதுவது அவர் வேலை. ஒரு நிமிடத்தைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதால் டிரைவர்கள் மத்தியில் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. அக்காவின் ஓவியம் அந்த டிப்போவில் பிறந்ததுதான். வண்டி கழுவும் ஷெட்டுக்குப் பின்னால் சுண்ணாம்பு அடித்த நீளமான சுவர் ஒன்று உண்டு. காலை வெயில் ஷெட்டின் கூரை இடுக்கு வழியாக நுழைந்து, ஈரத்தரையில் பட்டுத் தெறித்து, அந்தச் சுவரில் ஏறி நிற்கும். அரைமணி நேரம்கூட நிற்காது. அக்கா வேலைக்குப் போவதற்கு முன்னால், முப்பத்தாறு காலை, ஸ்டூலைப் போட்டு அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் வண்டி நேரம் எழுதும் பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் அவளுக்காக ஒரு கணக்கும் எழுதிவைத்தார்: "வெளிச்சம் வரவு 6.12. வெளிச்சம் போனது 6.39."

அந்தச் சுவரின் வெள்ளையில் ஒரு சிட்டிகை மஞ்சள் இருந்தது. காலை வெயில் போட்ட அளவு. அக்கா அதற்கு மேல் ஒரு பொட்டுகூடச் சேர்க்கவில்லை.

இனி அந்தச் சீட்டை அனுப்பிய சங்கத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது, கண்ணில் படுகிற கணநேர ஒளியை அப்படியே வரையும் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் சங்கம். வருடத்துக்கு ஒரு கண்காட்சி. யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம். நடுவர்கள் தேர்ந்தெடுத்தால்தான் சுவரில் ஏறும். முதல் சுற்றில் புகைப்படம் அனுப்ப வேண்டும். நடுவர்கள் அதைக் கம்ப்யூட்டர் திரையில் பார்ப்பார்கள். அதில் தேறினால் இரண்டாம் சுற்று. அசல் படத்தை மண்டபத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அச்சகத்துக்கு நேரம் வேண்டுமென்று முதல் சுற்று முடிந்ததுமே கேட்லாக்கை அடித்துவிடுவார்கள். சுவரில் எண் போட்டு ஆணியும் அடித்துவிடுவார்கள். மூன்று வருடம் முதல் கதவையே தாண்டாத அக்கா இந்த வருடம் தாண்டிவிட்டாள். கேட்லாக்கில் அவளுடைய சுவர், எண் நாற்பத்தொன்று. அந்தப் பக்கத்தை லேபில் பல் அட்டைகளுக்கு நடுவே ஒட்டிவைத்து, ஒன்பது நாள் ராணி மாதிரி நடமாடினாள். பத்தாம் நாள் சீட்டு வந்தது.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் சங்கத் தலைவர். தோளில் எப்போதும் ஒரு சால்வை, வாயில் எப்போதும் 'ஒளி'. காப்பியை ஆற்றும்போதுகூட ஒளியைப் பற்றித்தான் பேசுவார் என்று கேள்வி. அடுத்தவர் டீச்சர்; பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தலைவர் 'ஆகா' என்றால் 'அதானே' என்பார். 'ஊகூம்' என்றாலும் 'அதானே' என்பார். மூன்றாமவர் மண்டபத்தின் சொந்தக்காரர். ஓவியக்கலை பற்றி அவருக்கு ஒரே ஒரு கருத்துதான் உண்டு: சுவரில் நிறைய ஆணி அடிக்கக் கூடாது.

சீட்டு வந்த நாலாவது நாள், தலைவரே லேபுக்கு வந்தார்.

பழைய பல் செட் வாஷ்பேசினில் விழுந்து இரண்டாகிவிட்டதாம். திறப்பு விழாவுக்குள் புதுசு வேண்டும். பல் டாக்டர் இரண்டு முறை நிறம் காட்டியும் இரண்டையும் மஞ்சள் என்று தள்ளிவிட்டதால், நீங்களே நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். கூடவே அவர் மனைவியும் வந்திருந்தார். வாய்க்கு முன்னால் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டு தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பல் இல்லாத வாயில் 'ச'வும் 'த'வும் காற்றாக வந்தன.

"நான் யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரியும் சார். மேல் செட்டு, கீழ் செட்டு, ரெண்டும்."

"அதில்லம்மா. நான் ஓவியன். நிறம்தான் எனக்கு மூச்சு. மத்தவங்களுக்குக் காட்டுற மாதிரி எனக்கு எதையாவது காட்டி ஏமாத்த முடியாது."

அவருக்கு அக்காவைத் தெரியாது. நடுவர்களுக்கு ஓவியர்கள் வெறும் எண்தான். நாற்பத்தொன்று எதிரில் நிற்கிறது என்று அவர் எப்படி அறிவார்? மாதிரிப் பற்கள் வரிசையாகக் கோத்த பட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இடக்கோடியில் வெள்ளை, வலக்கோடியில் பழுப்பு, நடுவில் மனிதர்கள். இடக்கோடிக்கும் அப்பால், தனியாக ஒரு பல் உண்டு. விளம்பரக்காரர்களுக்காக வாங்கிவைத்தது. ஆடை எடுத்த பால் மாதிரி நீலம் பாரித்த வெள்ளை. உயிரோடிருக்கும் எவர் வாயிலும் அப்படி ஒரு பல் முளைத்ததில்லை.

தலைவர் ஜன்னலோரம் போனார். பட்டையைத் தூக்கிப் பிடித்தார். கண்ணை இடுக்கினார். தலையைச் சாய்த்தார். அரை நிமிட நாடகத்துக்குப் பிறகு அந்த நீலப் பல்லைத் தொட்டார்.

"இது. இதுலதான் உயிர் இருக்கு. இயற்கையா, லேசா வெதுவெதுப்பா. பார்த்தியா?"

அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. பட்டையிலிருந்து இரண்டாவது பல்லையும் ஆறாவது பல்லையும் கழற்றினாள். ஒன்று சுண்ணாம்பு என்றால் இன்னொன்று வெண்ணெய். இரண்டையும் அவர் முன்னால் நீட்டினாள்.

"இதுல எது சார் மஞ்சள்?"

"ரெண்டும் மஞ்சள். ரெண்டும் ஒண்ணுதானே? என்னை டெஸ்ட் பண்றியா?"

"கண்ணு எப்ப சார் காட்டினீங்க?"

"என் கண்ணுக்கு என்ன கேடு? இந்தக் கண்ணை நம்பி ஒரு சங்கமே நடக்குது!"

அவர் மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார்: "மூணு வருஷமா தினமும் பால் கெட்டுப்போச்சுன்னு கொட்டுறார். வெள்ளைச் சட்டையை மூணு தரம் துவைக்கச் சொல்றார். நான் அழுக்காம்."

"நீ சும்மா இரு!" என்றார் தலைவர். நிறச் சீட்டில் அந்த நீலப் பல்லின் எண்ணை எழுதி, ஓவியத்தில் போடுகிற மாதிரியே மூலையில் சாய்வாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கண்ணில் புரை. பழுப்பேறிய கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்க்கிறார் மனிதர். திரையில் பார்க்கும்போது உள்ளேயிருந்து நீலமாக அடிக்கிற வெளிச்சத்தில் அக்காவின் சுவர் தப்பித்துவிட்டது. அசல் படம் மண்டபத்து வெளிச்சத்தில் வந்து நின்றதும் மஞ்சளாகிவிட்டது. இவ்வளவுதான் விஷயம்.

இது புரிந்ததும் கோபம் தணிந்திருக்க வேண்டும். பாவம், நோயாளி என்று. தணியவில்லை, மளமளவென்று ஏறியது. ஏனென்றால் கடந்த மூன்று கண்காட்சிகளும் அவள் கண்முன் வரிசையாக வந்து நின்றன. முதல் வருடம் நிழல்கள் மட்டும் நீலம். அடுத்த வருடம் மரங்கள். போன வருடம் மனித முகங்கள்; ஒவ்வொன்றும் தண்ணீரில் மூழ்கி மூன்றாம் நாள் மிதந்த மாதிரி. எது தேறுகிறது என்று பார்த்துப் பார்த்து எல்லோரும் நீலத்துக்கு மாறியிருக்கிறார்கள். பத்திரிகையில் ஒரு விமர்சகர் 'நம் ஓவியத்தின் நீல விழிப்பு' என்று முக்கால் பக்கம் எழுதினார். அந்தக் கட்டுரையை வெட்டி வைத்து, தனக்குத்தான் அந்த விழிப்பு வரவில்லையோ என்று அக்கா ஒரு வாரம் தூங்காமல் கிடந்திருக்கிறாள். அந்த ஒரு வாரத் தூக்கத்தை யார் திருப்பித் தருவார்கள்?

தள்ளப்பட்ட படங்களை வியாழக்கிழமை இரண்டு மணிக்கு மேல் நாலு மணிக்குள் பின்வாசலில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. முன்வாசல் தேறியவர்களுக்கு. அக்கா போனபோது டீச்சர் பட்டியலும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். சுவர் நெடுகப் படங்கள் ஏறிவிட்டிருந்தன. நாற்பத்தொன்றாம் எண் ஆணி மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், தலைவருக்குக் கண்ணுல புரை."

டீச்சர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அந்தச் சாத்தலிலேயே அக்காவுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"மெதுவா பேசுங்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? போன வருஷம் ஆரஞ்சுப் பழத்தை வரைஞ்சிருந்தான் ஒருத்தன். உருளைக்கிழங்கு நல்லா வந்திருக்குன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

டீச்சர் பேனா மூடியைத் திருகினார். "அதானேன்னேன்."

"நீங்க நடுவர் டீச்சர்!"

"அடுத்த வருஷமும் நடுவரா இருக்க வேண்டாமா நான்? யாரும்மா போய்ச் சொல்றது? நீங்க சொல்லுவீங்களா?"

"கண்ணு காட்டினீங்களான்னு கேட்டேன். அடிக்காத குறை."

"அப்புறம் என்ன?" டீச்சருக்கு முகம் தெளிந்துவிட்டது, குற்றத்தில் பங்காளி கிடைத்த தெளிவு. குரலை இன்னும் தாழ்த்தினார். "இங்க பாருங்க. உங்க படம் நல்ல படம். எனக்கே கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஒண்ணு பண்ணுங்க. சுவர் மேல மெல்லிசா ஒரு நீலம் தேய்ச்சு சனிக்கிழமை கொண்டாங்க. ஆணி காலியாத்தான் இருக்கு. திருத்தி வந்துச்சுன்னு நான் ஏத்திடறேன். எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. என்னுதைப் பாருங்க."

டீச்சர் காட்டிய படத்தில் ஒரு கோதுமை வயல். அறுவடைக்கு நின்றது. கடல் மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து அக்கா படத்தை மேஜையில் சாய்த்து வைத்தாள். நீல ட்யூபை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். பொய் சொல்வானேன், ஆசை இருந்தது. நாலு வருடம். முன்வாசல் வழியாக நுழைந்து, தன் பெயருக்குக் கீழே, தன் சுவருக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் நிற்க வேண்டும்; அவ்வளவுதான் அவள் கேட்டது.

"அடிச்சுடேன்," என்றார் வீட்டுக்காரர். "ஒரு கோட்டுதானே. எங்க டிப்போல ரெண்டு வருஷத்துக்கு ஒரு கலர் மாத்துறானுங்க. பஸ்ஸு ஓடாம நின்னுடுச்சா?"

"சரி. அப்ப நீங்க எழுதின ஆறு பன்னிரண்டையும் ஆறரைன்னு திருத்திடவா? பார்க்க அழகா இருக்கும்."

டிரிப் ஷீட்டைத் திருத்துவது என்ற பேச்சே வீட்டுக்காரருக்கு ஆகாது.

"ட்யூபை மூடு," என்றார்.

மறுநாள் லேபில் தலைவரின் பல் செட் மெழுகில் பல் பதிக்கும் கட்டத்துக்கு வந்து நின்றது. முதலாளி நீலப் பற்கள் ஒட்டிய அட்டையை நீட்டினார். "கஸ்டமர் கையெழுத்து போட்டிருக்கார்க்கா. பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருந்தா அவர் வாய். நமக்கென்ன?"

அக்காவும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தாள். இன்னும் மோசமாகவே நினைத்தாள். திறப்பு விழாவில் அத்தனை பேர் முன்னாலும் மனிதர் அந்த நீலப் பல்லைக் காட்டிச் சிரிக்கட்டும். டீச்சர் 'அதானே' என்று சொல்லட்டும். நினைக்க நினைக்க இனித்தது. பல்லை எடுத்து மெழுகில் பதிக்கப்போன கை பாதியில் நின்றது. இதைச் செய்தால் டீச்சருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? தப்பு என்று தெரியும்; கையெழுத்து இருக்கிறதே என்று தள்ளிவிடுவது. இந்தப் பாழாய்ப்போன சங்கத்தில் தன்னைச் சேர்க்கவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டே, கேட்காமல் கொள்ளாமல் தானே அதில் சேர்ந்திருப்பாள்.

நீல அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். அறுபத்தெட்டு வயது வாய்க்கு என்ன பல் முளைத்திருக்குமோ அதை எடுத்துப் பதித்தாள். பெட்டிக்குள் டாக்டருக்கு ஒரு சீட்டும் வைத்தாள், உள்ளங்கை அகலம்.

"வாடிக்கையாளரின் நிறத் தேர்வு ஏற்கப்படவில்லை. மஞ்சள் பல்லில் இல்லை, கண்ணில். கண் டாக்டரிடம் காட்டவும். லேபின் தீர்ப்பே இறுதியானது."

சனிக்கிழமை மதியம் முதலாளி போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். பல் இல்லாமல் ஒருவர் கத்தினால் எப்படி இருக்கும் என்பதை லேப் முழுக்கக் கேட்டது. மஞ்சளாம். சோளக்கதிராம். வாயில் வைக்கவே மாட்டாராம்.

"வைக்காட்டிப் போறார்," என்றாள் அக்கா.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குத் திறப்பு விழா. வழக்கமாகத் தலைவரின் உரை ஐம்பது நிமிடம். அதில் ஒளி இருநூறு முறை வரும். அன்று கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு, ரிப்பனை நோக்கிக் கையை ஒருமுறை வீசினார். உரை முடிந்தது. அடக்கம் என்று பக்கத்தில் ஒருவர் வியந்தார்.

அக்கா முன்வாசல் வழியாக உள்ளே போனாள். கையில் படம். பின்னால் வீட்டுக்காரர், ஆபீஸ் சட்டையில். உள்ளே ஆட்கள் கேட்லாக்கைப் பார்ப்பதும் மொட்டை ஆணியைப் பார்ப்பதுமாகக் குழம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய் நாற்பத்தொன்றில் மாட்டினாள்.

"ம்ம்ம்! ம்ம்!" என்றார் தலைவர், கைக்குட்டைக்குள்ளிருந்து.

"என்ன பண்றீங்க?" என்று டீச்சர் ஓடிவந்தார். "நீலம் தேய்ச்சீங்களா?"

"இல்லை. இப்ப எல்லார் முன்னாடியும் சொல்லுங்க டீச்சர். இந்தச் சுவர் மஞ்சளா?"

டீச்சர் பதில் சொல்வதற்குள், ரிப்பன் வெட்ட வந்திருந்த பெரிய மனிதர் எட்டிப் பார்த்தார். அந்த ஆளுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை, கண்ணாடிகூட இல்லை.

"ஆமா, இது மட்டும் ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?" என்றார், உண்மையாகவே.

அக்கா நாலடி பின்னால் போய்ப் பார்த்தாள். மஞ்சளாகத்தான் இருந்தது. இந்தப் பக்கம் நீல முகங்கள், அந்தப் பக்கம் நீலக் கோதுமை, எதிர்ச்சுவர் முழுக்க நீலம். நடுவில் அவளுடைய வெள்ளை, அழுக்குத் துணி மாதிரி மஞ்சளாக. லேபில் இரண்டு பல்லுக்கு ஒருமுறை சாம்பல் நிற அட்டையைப் பார்த்துக் கண்ணைக் கழுவிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் கண் ஏமாறும். இங்கே நூறு ஜோடிக் கண்கள், ஒரு சாம்பல் அட்டை கிடையாது. ஒரு மனிதரின் புரை இப்போது எல்லோர் கண்ணிலும் இருந்தது. அவள் கண்ணிலும்.

"சொன்னேன்ல," என்று டீச்சர் கிசுகிசுத்தார். பரிதாபமாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் எரிந்தது.

அக்கா படத்தைக் கழற்றினாள். கைப்பையில் நாலாக மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்துப் பிரித்தாள். நாற்பத்தொன்றாம் எண் ஆணியில், மண்டபத்தைப் பார்த்த மாதிரி, நடுவில் குத்தி மாட்டினாள். "ஒளி இல்லை. நிறத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளவும்."

"இந்த மண்டபம் தேறலை," என்றாள், சத்தமாகவே. "தீர்ப்பு இறுதியானது."

வெளியே வந்து, முன்வாசல் பக்கம் வெயில் விழுந்த மதில்மேல் படத்தைச் சாய்த்து வைத்தாள். எரிச்சல் அடங்கவில்லை, அன்றைக்கு அடங்கவும் இல்லை. வெயிலில் சுவர் தன் நிறத்துக்கு வந்தது. வெள்ளை; அதில் ஒரு சிட்டிகை மஞ்சள்.

பின்னாலேயே தலைவரின் மனைவி வந்திருந்தார். படத்தைப் பார்த்தார். மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"நல்ல கண் டாக்டர் யாரும்மா இருக்கா?" என்று கேட்டார்.

"உங்க பல் டாக்டரைக் கேளுங்க. எழுதி அனுப்பியிருக்கேன்."

வாசலில் வண்டிகளுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்த வாட்ச்மேன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அருகில் வந்தார். குனிந்து பார்த்தார்.

"டிப்போ கழுவுற ஷெட்டுப் பின்னாடி சுவருல்ல இது? நைட் ஷிப்ட் முடிச்சுப் போறப்போ பார்ப்பேன். காலைல ஆறேகால் வெளிச்சம்."

"ஆறு பன்னிரண்டு," என்றார் வீட்டுக்காரர்.